லிசாந்த்ரோவின் நாற்பத்தோராவது ஒத்திகை

“எதற்கும் இன்னொரு தரம் பார்த்துவிடலாம்” என்கிற மனித இனத்தை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்து, தெருமுனைவரை போய், திரும்பி வந்து, மறுபடியும் இழுத்து, இழுத்த இழுப்பிலேயே பூட்டைக் கெடுத்துவிட்டு, “பார்த்தீங்களா, சந்தேகப்பட்டது சரியாப் போச்சு!” என்பவர்கள். அந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் எங்கள் ரொசாரியோ நகர மருத்துவமனையில் இருக்கிறார். பெயர் லிசாந்த்ரோ. வேலை, ஒத்திகை பார்ப்பது.

நாடக ஒத்திகையா? இல்லை ஐயா, மூளை! கை நடுங்குகிறவர் தலையில் ஒரு பெரிய தொப்பியை மாட்டி, அதிலுள்ள ஆயிரம் கருவிகளிலிருந்து காதுக்குக் கேட்காத ஒலியை மண்டையோட்டின் வழியே அனுப்பி, மூளையின் ஆழத்தில் அரிசியளவு இடத்தில் குவித்துச் சுட்டால் நடுக்கம் நிற்கும். ஆனால் எலும்பு எல்லா இடத்திலும் ஒரே கனமா? ஒலி வழி மாறும். ஆகவே நோயாளியின் ஸ்கேன் படத்தைக் கணினியில் ஏற்றி, முதலில் அங்கே சுட்டுப் பார்ப்பார்கள். மற்றவர்கள் ஒருமுறை பார்ப்பார்கள், சந்தேகமென்றால் இருமுறை. லிசாந்த்ரோ?

நாற்பது!

மாட்டிக்கொண்டவர் ஓமர் தபோர்தா, முடிதிருத்துபவர்; ஊர் மரியாதைக்குத் ‘தோன்’ ஓமர். கத்தியைப் பிடித்தால் கை தந்தியடிக்கிறது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நழுவிவிட்டார்கள். கடைசிவரை துணிந்து உட்கார்ந்த மச்சானும் இப்போது தாடி வளர்க்கிறார். இந்தக் குளிர்காலத்துக்குள் கை நிற்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். சிகிச்சைக்குத் தலையில் ஒரு முடிகூட இருக்கக் கூடாது. தன் தலையைத் தானே மழிக்க முடியாத மனிதர், சிகிச்சைக்குக் குறித்து லிசாந்த்ரோ தள்ளிப்போட்ட மூன்று தேதிக்கும் மூன்று முறை, அந்த எதிர்க்கடைக்காரனிடமே போய்த் தலையைக் கொடுத்தார். அவன் ஒவ்வொரு முறையும் இளித்தான்.

மூன்றாம் மொட்டையோடு நேரே ஒத்திகை அறைக்குள் நுழைந்துவிட்டார். லிசாந்த்ரோ கணினி முன் இருந்தார். பக்கத்தில், சிகிச்சை செய்யும் டாக்டர் மிர்த்தா மாத்தே என்கிற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கும் இல்லையா தம்பி?”

“உங்க எலும்பு ரொம்பக் கனம், தோன் ஓமர். அம்பத்தஞ்சாவது வேணும், அம்பது டிகிரிக்கு மேல சூடே ஏற மாட்டேங்குது. இன்னும் ஒரே ஒரு தரம்...”

“எங்கே, அந்தக் கனத்தைத்தான் காட்டேன் பார்ப்போம்!”

திரையில் மண்டையோடு சுழன்றது. தோன் ஓமர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“யாரு மண்டை இது?”

“உங்களுதுதான்.”

“அட போப்பா! எனக்குப் பின்மண்டை தட்டை. இதுல பிடரிக்கு மேல ஒரு புடைப்பு இருக்கு. நாப்பது வருஷமா தலையைத் தடவிப் பொழைக்கிறவன், எனக்கா தெரியாது?” என்றவர், லிசாந்த்ரோவின் பின்னால் போய், நடுங்கும் விரல்களால் அவர் பிடரியைத் தடவினார். “இந்தா! இங்க இருக்கு!”

டாக்டர் மிர்த்தாவுக்குப் புரையேறியது.

விஷயம் இவ்வளவுதான். மென்பொருளில் எந்த மாற்றம் செய்தாலும் லிசாந்த்ரோ முதலில் தன் மண்டையின் படத்தில்தான் சோதிப்பார். படங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். சோதித்த பிறகு படத்தை மாற்ற மறந்துவிட்டார். நாற்பது முறையும் எலும்பின் கனத்தைப் பார்த்தார், ஒலியின் வேகத்தைப் பார்த்தார், தசமப் புள்ளிக்குப் பின்னால் எட்டு இலக்கம் பார்த்தார். யாருடைய தலை என்று பார்க்கவில்லை!

“அடப்பாவி! உன் மண்டைக்குள்ள எதுவும் ஏறாததுக்கா நான் மூணு மொட்டை போட்டேன்?”

டாக்டர் மிர்த்தா தோன் ஓமரின் எண்ணை உரக்கப் படித்து, சரியான படத்தைத் தானே ஏற்றினார். நாற்பத்தோராவது ஒத்திகை, ஒரே ஓட்டம். ஐம்பத்தெட்டு டிகிரி. மறுநாள் காலை சிகிச்சை முடிந்து தோன் ஓமர் காகிதத்தில் ஒரு சுருள் வரைந்தார். கோடு எங்கும் நடுங்கவில்லை. அவர் அழுதார், டாக்டரும் அழுதார். லிசாந்த்ரோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எதுக்கும் இன்னொரு சுருள் போடுங்களேன்” என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்களும் யாரோ ஒருவரை, மகனையோ மருமகளையோ அலுவலகத்து இளைஞனையோ, “உன்னிடம்தான் ஏதோ கோளாறு” என்று மாதக்கணக்காகக் காக்க வைத்திருப்பீர்கள். அவர்களிடம் அடுத்த தேதி சொல்லும் முன், உங்கள் பிடரியைத் தடவிப் பாருங்கள். ஒரு தரம் போதும்.