நாற்பது கஜமும் ஒரு கட்டைவிரலும்

எதையும் அளந்து பார்க்காமலேயே அதன் அளவைச் சொல்லிவிடுகிற ஒரு மனித இனம் உண்டு. தர்பூசணியைத் தட்டிப் பார்த்து உள்ளே எத்தனை விதை என்பார்கள். கை குலுக்கிவிட்டு ஆள் யோக்கியனா இல்லையா என்பார்கள். "எப்படிச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பாதிரியாரிடம் கடவுளின் வீட்டு முகவரி கேட்டவனைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்ப்பார்கள். இந்த இனம் எல்லாத் தொழிலிலும் புகுந்திருந்தாலும், அது நன்றாகக் கொழுத்துப் பளபளவென்று திரிவதைப் பார்க்க வேண்டுமானால் ஜனவரி மாதத்தில் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் தென்கோடிக்கு வர வேண்டும். மார்பில் கல்லூரிச் சின்னம், கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அவித்த வேர்க்கடலைப் பொட்டலம் சகிதமாகப் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கும். கல்லூரி ஃபுட்பால் அணிக்குப் பள்ளிப் பையன்களைப் பொறுக்குவது அதன் வேலை. அதிலும், பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பதினொரு முரடர்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிற ரன்னிங் பேக் பையனை எடைபோடுவது என்றால் அதற்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

லான்னி ஹாட்டவே இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி. வயது ஐம்பத்தெட்டு, இருபத்தாறு வருட சர்வீஸ். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மனைவிக்கும் அவர் 'கோச்'தான். பையன்கள் விளையாடிய படத்தை ஒலியை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார். சத்தம் கண்ணை ஏமாற்றுமாம். முதலில் கணுக்காலைப் பார்ப்பார். பிறகு ஆடுசதை. பிறகு செருப்பு அளவு கேட்பார். அதோடு விட்டாரா? அப்பாவின் செருப்பு அளவைக் கேட்பார். அப்பா ஓடிப்போயிருந்தால் தாய்மாமனுடையது. எல்லாவற்றையும் ஒரு சிவப்பு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, தொப்பியைக் கொஞ்சம் தூக்கித் தலையைச் சொறிந்து, தீர்ப்பை வழங்குவார்: "ரத்தத்துல இருக்கணும்ங்க." பையன் உயரமாக இருந்துவிட்டால் இன்னொரு தீர்ப்பும் சேரும்: "நம்ம பஸ்ஸுலருந்து மொதல்ல எறங்குறவன் இவனாத்தான் இருக்கணும். பாத்ததுமே எதிராளி வயித்துல புளியக் கரைக்கணும்."

பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குக் கல்லூரி எதற்கு ஆள் எடுக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

அந்த ஜனவரியில் அவருடைய கல்லூரியில் ரன்னிங் பேக்குக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம். இடம் என்றால் நான்கு வருடப் படிப்பு, சாப்பாடு, விடுதி, எல்லாம் இலவசம். கார்வர்ஸ் ஃபோர்க் பள்ளியில் அதற்கு இரண்டு பையன்கள். ஒருவன் கோர்ட்லாண்ட் பெல்லமி. ஆறடி ஓர் அங்குலம். அவன் அப்பா இதே கல்லூரிக்கு ஆடியவர். அவருடைய படம் இன்னும் அங்கே வரவேற்பறையில் தொங்குகிறது. இன்னொருவன் ஜாவோரிஸ் மிம்ஸ். ஐந்தடி எட்டு. அவன் அம்மா வெர்லீனுக்குக் கோழி அறுக்கும் ஆலையில் வேலை. இந்த இடம் கிடைக்காவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து அவனுக்கும் அங்கேதான் வேலை. மேஸ்திரி ஏற்கெனவே ரப்பர் பூட்ஸ் அளவு கேட்டுவிட்டார். பார்த்தீர்களா, அந்தச் சிறுவனின் செருப்பு அளவில்தான் ஊருக்கு எவ்வளவு அக்கறை!

இந்தத் தொழிலில் ஒரு சடங்கு உண்டு: வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும். ஹாட்டவே மிம்ஸ் வீட்டு சோபாவில் அமர்ந்து, பொரித்த கெளுத்தி மீனை மூன்று முறை போட்டுக்கொண்டு, வாழைப்பழப் புட்டிங்கைக் கிண்ணத்தின் அடிவரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, வெர்லீனை நிற்கச் சொல்லி உயரம் பார்த்தார்.

"அம்மா, உங்க அப்பா என்ன உயரம்?"

"ஞாபகமில்லைங்க. அவர் எப்பவும் குனிஞ்சு வேல செஞ்சுதான் பாத்திருக்கேன்."

ஹாட்டவே அதையும் குறித்துக்கொண்டார். பிறகு பையனைக் கூப்பிட்டு, முக்காலியில் காலைத் தூக்கி வைக்கச் சொல்லி, கணுக்காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பல் ஒன்றுதான் பாக்கி. வெர்லீன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஊர் நீதிமன்றப் படிக்கட்டில் ஒரு காலத்தில் அவருடைய முன்னோர்களை அடிமைகளாக நிறுத்தி, இதே மாதிரி கையையும் காலையும் திருப்பிப் பார்த்துத்தான் ஏலம் கூறினார்கள். அந்தக் கனவான்களும் தங்கள் கண்ணை நம்பியவர்கள்தான்.

"ஏங்க கோச்," என்றார் வெர்லீன் கடைசியில். "அவன் கணுக்காலக் கேட்டீங்க. எங்கப்பன் உயரத்தக் கேட்டீங்க. அவன் என்ன படிக்கணும்னு ஆசப்படுறான்னு கேக்கவே இல்லையே?"

"அதுக்கு வேற டிபார்ட்மென்ட் இருக்குங்கம்மா," என்றார் ஹாட்டவே. கேலியாக அல்ல. மனப்பூர்வமாக.

மறுநாள் மத்தியானம் மைதானத்தில் நாற்பது கஜ ஓட்டம். வானம் மூட்டம் போட்டிருந்தது. "மழ வர்றதுக்குள்ள முடிச்சிரலாம். ரெண்டு பேரும் சேந்தே ஓடுங்க தம்பிங்களா," என்று சொல்லிவிட்டு, வலது கையில் பெல்லமிக்கு ஒரு ஸ்டாப்வாட்ச், இடது கையில் மிம்ஸுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டார். இரண்டையும் ஒருமுறை முத்தமிட்டார். அது வழக்கம். முத்தமிட்டால் கடிகாரம் சரியாக ஓடும் என்பது அவருடைய பௌதிகம்.

அந்தப் பள்ளியின் பௌதிகம் வேறு மாதிரி. அதை நடத்துகிறவர் ஒடெஸா ப்ரூயிட். பெண்கள் ஓட்டப்பந்தய அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். அந்தப் பெண்கள் இரண்டு வருடம் கேக் விற்றுச் சேர்த்த காசில் ஒரு கருவி வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தொடக்கத்தில் ஒரு கம்பம், முடிவில் ஒரு கம்பம், கம்பத்திலிருந்து பாதைக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர். ஓடுகிறவர் கதிரை வெட்டியதும் பெட்டியிலிருந்து நேரம் அச்சடித்த துண்டுச்சீட்டு வெளியே வரும். அன்றைக்கும் கம்பங்கள் நட்டிருந்தன. யாரும் அவற்றைக் கேட்கவில்லை. யாரும் பிடுங்கவும் இல்லை.

பையன்கள் ஓடினார்கள். நாலரை நொடி. அவ்வளவுதான்.

"பெல்லமி நாலு புள்ளி நாலு ஒண்ணு!" என்று கூவினார் ஹாட்டவே. "மிம்ஸ்… நாலு புள்ளி ஆறு மூணு."

ப்ரூயிட் நிதானமாக நடந்து வந்தார். "கோச், யாரு மொதல்ல வந்தா?"

"இந்தாங்க, வாட்ச்சப் பாருங்க மேடம்."

"வாட்ச் கெடக்கட்டும். உங்க கண்ணத்தானே ஊரே புகழுது? உங்க கண்ணக் கேக்குறேன். யாரு மொதல்ல வந்தா?"

இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக ஹாட்டவேயின் கண்ணிடம் ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார். அந்தக் கண் தரையைப் பார்த்தது.

முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெல்லமிதான் பதில் சொன்னான். "சார், நான் அவன் முதுகப் பாத்துக்கிட்டேதான் ஓடியாந்தேன்."

"சும்மா இரு தம்பி. ஒனக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி. உங்கப்பாவும் இப்படித்தான்," என்ற ஹாட்டவே, நோட்டில் பெல்லமி பெயருக்கு நேரே 'தன்னடக்கம்' என்றும் எழுதிக்கொண்டார்.

ப்ரூயிட் துண்டுச்சீட்டை நீட்டினார். மிம்ஸ் நாலு புள்ளி ஐந்து இரண்டு. பெல்லமி நாலு புள்ளி ஐந்து ஒன்பது. தரையில் அளந்தால் சுமார் இரண்டடி.

"அது ஒண்ணுமில்ல மேடம். எனக்கு எடது கட்டவெரல் கொஞ்சம் மந்தம்."

"அப்ப கைய மாத்திப் புடிங்க."

மாற்றிப் பிடித்தார். மறுபடியும் ஓடினார்கள். மறுபடியும் மிம்ஸ் முன்னால் வந்தான். இந்த முறை நன்றாகவே. இடது கையிலிருந்த பெல்லமியின் கடிகாரம் நாலு புள்ளி நாலு மூன்று காட்டியது. வலது கையிலிருந்த மிம்ஸின் கடிகாரம் நாலு புள்ளி ஆறு ஆறு.

"இப்ப எந்த வெரலுங்க மந்தம்?"

"காத்து," என்றார் ஹாட்டவே.

"ரெண்டு பேருக்கும் நடுவுல மூணடிதான் கோச்."

"குட்டப் பசங்களுக்குக் கீழ்க்காத்து வேற மாதிரி அடிக்கும். இதெல்லாம் புஸ்தகத்துல இருக்காது மேடம். நெஞ்ச அளக்க மெஷின் கெடையாது."

"நான் நெஞ்ச அளக்கல. நாப்பது கஜத்த அளந்தேன்."

இந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. பொய்யராக இருந்தால் திருத்திவிடலாம். ஹாட்டவே சத்தியவான், தேவாலயத்தில் முன்வரிசை. பெல்லமி கோட்டை நெருங்கும்போதே அவர் மனம் குளிர்ந்துவிடுகிறது, அந்தக் குளிர்ச்சியில் கட்டைவிரல் ஐந்தடி முன்னாலேயே அழுத்திவிடுகிறது. மிம்ஸ் கோட்டைத் தாண்டிய பிறகும் அதே கட்டைவிரல், 'நிஜமாகவே தாண்டிவிட்டானா?' என்று ஒரு கணம் யோசிக்கிறது. வலது விரல், இடது விரல் எல்லாம் ஒன்றுதான். விரலுக்கு மேலே மணிக்கட்டு, அதற்கு மேலே முழங்கை, தோள், கழுத்து. அதற்கும் மேலே போனால் அங்கே பெல்லமியின் அப்பா படம் மாட்டியிருக்கிறது.

காரில் ஏறியதும் தலைமைப் பயிற்சியாளரின் தொலைபேசி வந்தது.

"யாரு கோச்?"

"பெல்லமி. நாலு நாலு ஒண்ணு. ரத்தம் கோச், ரத்தம்!"

"அந்தக் குட்டப் பையன்?"

"நல்ல பையன்."

இந்தத் தொழிலில் 'நல்ல பையன்' என்பது மரணச் சான்றிதழ். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஹாட்டவே கார்க் கண்ணாடியை இறக்கி, வெளியே காத்திருந்த மிம்ஸிடம், "எங்ககிட்ட எடமில்ல தம்பி. மனச விட்டுடாத," என்றார்.

"சரிங்க சார்." பையன் போகவில்லை. "சார், ஒண்ணே ஒண்ணு. நான் பின்னாடியா வந்தேன்?"

ஹாட்டவே அவனை வாஞ்சையுடன் பார்த்தார். "வாழ்க்கைல முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும்பா," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

பிப்ரவரி முதல் புதன்கிழமை கையெழுத்துத் திருநாள். பள்ளி உள்ளரங்கத்தில் மேசை போட்டு, துணி விரித்து, அழைப்பு வந்த கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைப்பார்கள். பையன் எந்தத் தொப்பியை எடுத்து அணிகிறானோ அந்தக் கல்லூரிக்குப் போகிறான். பெல்லமியின் முன்னால் மூன்று தொப்பி. நடுவில் இருந்தது ஹாட்டவேயினுடையது. நாலு புள்ளி நாலு ஒன்று என்று ஹாட்டவே ஊரெல்லாம் பறையடித்ததில், பெரிய கல்லூரி ஒன்றின் காதுக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. பெல்லமியின் கை நடுத்தொப்பியைத் தாண்டிப் போய் வலது ஓரத்துத் தொப்பியை எடுத்தது. அரங்கம் எழுந்து ஆரவாரித்தது. ஹாட்டவேயும் கைதட்டினார். கை அதுபாட்டுக்குத் தட்டியது.

ஐந்து நிமிடம் கழித்து அவர் மூலையிலிருந்த மேசைக்கு வந்தார். அங்கே மிம்ஸின் முன்னால் ஒரே ஒரு நீலத் தொப்பி. மலைப்பக்கத்துச் சின்னக் கல்லூரி ஒன்றினுடையது. ப்ரூயிட் இரண்டு துண்டுச்சீட்டுகளையும் உறையில் போட்டுப் பதினான்கு கல்லூரிகளுக்கு அனுப்பியிருந்தார். பதில் போட்டது அது ஒன்றுதான். கேக் விற்க ஆளில்லாத, கம்பம் நட ஒரு ப்ரூயிட் இல்லாத பள்ளிகளிலிருந்து எத்தனை மிம்ஸ்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆலைக்குள் போனார்கள் என்ற கணக்கு எந்தச் சிவப்பு நோட்டிலும் இல்லை.

"தம்பி, இப்ப எங்ககிட்ட ஒரு எடம் இருக்கு," என்றார் ஹாட்டவே குனிந்து.

"போன மாசமும் இருந்துச்சுங்க சார்," என்றான் ஜாவோரிஸ். நீலத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

ஹாட்டவே அம்மா பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. நான் அப்பவே இவனக் கண்ணாலயே எடபோட்டு வெச்சிருந்தேன்."

"எங்க ஆலைல கோழியவே தராசுல வெச்சுத்தாங்க எடபோடுறோம்," என்றார் வெர்லீன்.

இரண்டு வருடம் கழித்து அந்த மலைக்கல்லூரி, ஹாட்டவேயின் கல்லூரியோடு ஆட வந்தது. இரண்டாவது பாதியில் மிம்ஸ் பந்தை வாங்கி, ஹாட்டவே நின்றிருந்த ஓரமாகவே அறுபத்தொரு கஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினான். உடனே கதையை இங்கே முடித்து, "பார்த்தீர்களா, நல்லவன் ஜெயித்தான்!" என்று நீங்கள் கைதட்டினால் நான் கோபித்துக்கொள்வேன். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் உடைந்து அவன் படுத்துக் கிடந்திருந்தாலும், அந்த ஜனவரி மத்தியானம் அவன் இரண்டடி முன்னால்தான் வந்தான். பிறகு ஜெயிப்பது அதற்குச் சாட்சி அல்ல. துண்டுச்சீட்டுதான் சாட்சி.

ஆனால் ஹாட்டவேயிடமும் சாட்சி இருந்தது. "இவன மொதமொதல்ல கண்டுபுடிச்சதே நான்தான்," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லி, சிவப்பு நோட்டைப் பிரித்துக் காட்டினார். 'மிம்ஸ் 4.41' என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் தாள் ரப்பரால் தேய்ந்து மெலிந்து மறுபக்கம் தெரிந்தது. பக்கத்திலிருந்தவர் அதைக் கவனிக்கவில்லை. ஹாட்டவேயும்தான். அவரே அதை நம்பத் தொடங்கிப் பல நாளாகிவிட்டது.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். நீங்கள் எங்கே, அந்த லான்னி ஹாட்டவே எங்கே! நீங்கள் யாருடைய கணுக்காலையும் திருப்பிப் பார்த்ததில்லை. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரிடம், "சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, அப்பா என்ன செய்றார்?" என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டீர்கள். வேலைக்கு வந்த பெண் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் மார்க் போட்டுவிட்டு, அப்புறம்தான் கேள்வியே கேட்டீர்கள். அவள் சரியான பதில் சொன்னபோது, 'மனப்பாடம்' என்று மனதுக்குள் ஒரு கீழ்க்காற்றைக் கண்டுபிடித்தீர்கள். உங்கள் வீட்டில் ஸ்டாப்வாட்ச்கூட இருக்காது.

பரவாயில்லை. கட்டைவிரல் இருக்கிறதல்லவா?