எடைமேடைப் படலம்

செவியிரண்டையும் கவ்விய ஹெட்போனே மணிமுடியாக, சுழல்நாற்காலியே தேராக, சுவர் நிறைந்த திரைகளே போர்க்களமாக, தத்தம் வீட்டிலிருக்கும் இதய நோயாளிகள் அனைவரையும் ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் தலைமை நர்ஸ் நீடு வாழ்க! அவள் கொற்றம் ஓங்குக!

அன்று காலை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தம் இல்லத்து எடைமேடைமீது எழுந்தருள, அது அனுப்பிய எண் திரையில் மின்னியது. ஒரே இரவில் மூன்று கிலோ குறைவு! புயலிற்பட்ட கப்பலெனக் கண்காணிப்பு அறை கலங்கிற்று.

"மேடம், ஆம்புலன்ஸ் அனுப்பிடலாமா?" என்றாள் பக்கத்து நாற்காலி நர்ஸ்.

"பொறு. எடை ஏறினா ஆஸ்பத்திரியில சேரணும்னு நேத்துதான் சொன்னேன். ஐயா ஏதோ வேலை காட்டுறார்" என்று முழங்கிய தலைவி, வீடியோ கால் என்னும் கணையைத் தொடுத்தாள்.

எதிரே தோன்றின, கூரையில் சுழலும் மின்விசிறியும், மலைக்குகைகளையொத்த இரு மூக்குத்துவாரங்களும்.

"நான் கல்லு மாதிரி இருக்கேன்மா!" என்றது குகை.

தலைவி தன் இறுதி அஸ்திரத்தை எடுத்தாள். "வீட்டுல அம்மா இருக்காங்களா? போனை அவங்ககிட்ட குடுத்துட்டு, மறுபடி எடைமேடையில ஏறுங்க."

மனைவியார் கைக்கு மாறிய கேமரா, வானினின்றும் இறங்கும் கருடனென மெல்லத் தாழ்ந்தது. அந்தோ! கொழுகொம்பைத் தழுவிய கொடியென, அலமாரிக் கைப்பிடியைத் தழுவியிருந்தது டிரைவரின் வலக்கரம்!

"கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்க இது என்ன பஸ்ஸா? கைய எடுங்க!" என்று கர்ஜித்தார் மனைவியார்.

கரம் விலகியது, கடல் பொங்கினாற்போல் எண் உயர்ந்தது. முந்தைய நாளைவிட இரண்டு கிலோ அதிகம். தலைவி சொன்னபடி மனைவியார் கணுக்காலை அழுத்திப் பார்க்க, குழி விழுந்தது. உடலில் நீர் தேங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்பி வரமாட்டேனோன்னு பயம்மா" என்றார் அவர், சிறு குரலில்.

"உண்மையான எடை தெரிஞ்சாதான்யா உங்கள வீட்டுலயே வச்சுப் பாக்க முடியும். மறைச்சா நான் என்ன பண்ணுவேன்?"

டாக்டர் லைனில் வந்தார். மூச்சுத்திணறல் உண்டா என விசாரித்தார். நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டினார். அதன்பின் நாள்தோறும் எடை நேர்மையாய் இறங்கியது. ஆஸ்பத்திரிப் படுக்கை காலியாகவே கிடந்தது. வாரமுடிவில், சரணடைந்த மன்னனென இரு கரங்களையும் தலைக்குமேல் உயர்த்தியபடி மேடையில் நின்று டிரைவர் சிரிக்க, மனைவியார் நகைக்க, நர்ஸ்படை ஆர்ப்பரிக்க, திசையெட்டும் அதிரும்படி வெற்றிமுழக்கம் செய்யத் தலைவி வாய் திறந்தாள்.

நெட் போய்விட்டது.