இரும்பைத் தொடாத பாதை

நாட்டின் கைத்தொழில் வளர்ச்சியை முன்னிட்டு, வெளிநாட்டு உதவியாகக் கல்முனைக்கு ஒரு மெசின் வந்து சேர்ந்தது. அதன் கத்தி ஐந்து விதமாக அசைந்து திரும்பி இரும்பைச் செதுக்கும். எந்த வழியால் போய்ச் செதுக்க வேண்டும் என்பதைக் கொம்பியூட்டர் சொல்லும். கொம்பியூட்டருக்குக் கைத்தொழில் கந்தோரின் பணிப்பாளர் ஷரிபுதீன் சொல்லுவார். பணிப்பாளருக்கு யார் சொல்லுவது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் நெல்லு மில்லில் பற்சக்கரம் உடைந்தது. பெரும்போக அறுவடை முடிந்து, ஊரார் நெல்லெல்லாம் மில் முற்றத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மழை விழுந்தால் அத்தனையும் முளைத்துவிடும். சக்கரம் வாங்கக் கொழும்புக்குப் புறப்பட்ட என் மனுசன் மீராமுகைதீனைப் பணிப்பாளர் விடவில்லை.

"ஊருக்குள்ள கொம்பியூட்டர் இரிக்கக்குள கொழும்பு என்னத்துக்கு?"

நடுவில் துளையிட்ட வட்ட இரும்புத் துண்டைக் கொடுத்துவிட்டு என் மனுசன் காத்திருந்தார். எனக்குக் காத்திருந்து பழக்கமில்லை. கந்தோருக்கே போனேன்.

"சேர், ஒரு சக்கரம் வெட்ட இவ்வளவு நாளா?"

"வெட்டுறது லேசி, ராத்தா. பாதையைச் சீராக்கிறதுதான் வேலை. கத்தி வெறுங்காத்துல சும்மா போற தூரத்தக் குறைச்சிட்டம்."

"நல்லம்."

"அப்பயும் வேகம் போதல்ல. எங்க சுணங்குது எண்டு ஆராய்ஞ்சம். இரும்புல படுற இடத்துலதான் சுணங்குது."

"அது இரும்பு, சேர். பப்பாசிப் பழமில்ல."

"அதாலதான் அந்த இடங்களப் பாதையில இருந்து நீக்கிட்டம்."

மெசினை ஓட்டும் இராசதுரை அதை இயக்கிக் காட்டினார். இரும்புக்கு ஒரு விரற்கடை உயரத்தில் கத்தி சுழன்றது, சாய்ந்தது, வளைந்து திரும்பியது. கண் மூடித் திறக்குமுன் வேலை முடிந்துவிட்டது. இராசதுரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சூடு இல்ல, தூள் இல்ல, கத்தி தேயவுமில்ல!" என்றார் பணிப்பாளர்.

"பல்லுகள் எங்க, சேர்?"

"உங்கட பழைய சக்கரத்துல என்ன உடைஞ்சது, ராத்தா?"

"பல்லுதான்."

"அப்ப?"

கொன்வென்டில் படித்த நானே தலையாட்டிவிட்டு வந்தேன்.

பந்தல் போட்டு, மாலை சூட்டி, சக்கரத்தைப் பூட்டினார்கள். அது பக்கத்துச் சக்கரத்துக்கு எவ்விதத் தொந்தரவும் கொடுக்காமல் தன்பாட்டில் சுழன்றது. மேலே கொட்டிய நெல் கீழே வந்தது. பணிப்பாளர் ஒரு கை அள்ளி உயர்த்திக் காட்டினார்.

"ஒரு குறுணல் இரிக்கா, பாருங்க! ஒரு மணி உடைஞ்சிரிக்கா!"

இல்லைதான். உமிகூடச் சேதமாகவில்லை. ஊரே கைதட்டியது. முன்வரிசையில் கதிரை தந்திருந்தார்கள்; நானும் தட்டினேன்.

குறுணலே விழாத மில் என்று பெயர் பரவிப் பொத்துவிலிலிருந்துகூட ஆட்கள் பார்க்க வந்தார்கள். என் மனுசனின் நடையே மாறிவிட்டது.

"என்னங்க, நெல்லா வந்தது நெல்லாத்தானே போகுது?"

"தொழில்நுட்பம் விளங்காமக் கதைக்காத, புள்ள."

மழை இருட்டியதும் எல்லாரும் சத்தமில்லாமல் மூட்டைகளை ஏற்றி, அட்டாளைச்சேனை மில்லுக்குக் கொண்டுபோய்க் குத்தி எடுத்து வந்தார்கள். முதல் வண்டி எங்களுடையது. நெல் தப்பியது. இப்போது சோற்றில் ஒரு குறுணல் தட்டுப்பட்டாலும் போதும், "பாவம், அட்டாளைச்சேனையாக்கள் இன்னும் பழைய மெசினத்தான் வெச்சிரிக்காங்க" என்று ஊர் முழுக்க முகம் சுளிக்கிறது.

போன வெள்ளிக்கிழமை விருந்தாளிகளுக்குச் சோறு போடும்போது, நானே அதைச் சொல்லிவிட்டேன்.