லித்தியம் பேட்டரிக்குக் கம்பளி போர்த்திய மாப்பிள்ளை

யாராவது என்னிடம் வண்டியைப் பற்றி யோசனை கேட்டால், தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். ஒரு காலத்தில் கேட்காமலே சொல்கிற ஆள் நான்.

என் மோட்டார் சைக்கிளுக்கு லித்தியம் பேட்டரி போட்டது ஒரு மார்கழியில். பழையது செங்கல் கனம், இது சோப்பு டப்பா கனம்கூட இல்லை. கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதன் பெருமையைப் பேசினேன். (இரண்டு பேர் நகல் எடுக்காமலே ஓடிப்போனார்கள்.)

மாட்டிக் கொடுத்த மெக்கானிக் பாய் இரண்டே விஷயம் சொன்னார். இதில் பிளஸ், மைனஸ் பழையதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும், கழற்றினால் பார்த்து மாட்ட வேண்டும். அடுத்தது, நான் மாமனார் ஊர் மலைக்குப் போய்வருவது தெரிந்து, "மலைல குளிர் ஜாஸ்திங்க. காலைல ரெண்டு நிமிஷம் லைட்டப் போட்டு வுடுங்க, பேட்டரி சூடாயிடும். அப்பறமா ஸ்டார்ட் பண்ணுங்க." லைட் போட்டால் பேட்டரி தீரும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பாவம், பாய்க்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனார் வீடு கல்வராயன் மலையில். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை அவருக்கு. மூத்தவள் சுமதியை எனக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். இளையவள் ரேவதி அரசு வேலைத் தேர்வுக்கு இரண்டு வருஷமாய் விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தாள். தேர்வு கள்ளக்குறிச்சியில். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஆறு மணி பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர வேறு பஸ் கிடையாது.

முந்தின நாளே சுமதியோடு போய் இறங்கிய நான், "பஸ்ஸெல்லாம் எதுக்கு? ஏழு மணிக்குக் கெளம்புனா போதும், நானே வுட்டுடறேன்" என்றேன். சுமதி முறைத்தாள். மாமனாரோ, "மாப்ள சொல்லிட்டாரு இல்ல" என்று முடித்துவிட்டார். மாப்பிள்ளை பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. இருந்திருக்கலாம்.

பேட்டரிக்குக் குளிருமே என்று அதைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, மாமனாரின் கம்பளியைச் சுற்றி வைத்தேன். (அவர் வேட்டியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய நடுங்கியது அப்புறம்தான் தெரிந்தது.)

காலையில் ஆறு மணி பஸ் வாசலைத் தாண்டிப் போனது. ரேவதி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு மணிக்குப் பேட்டரியை மாட்டினேன். பல வருஷம் பழகின கை, பழைய பக்கமே வயரை முடுக்கியது. சாவியைத் திருப்பும் முன்பே 'டப்' என்று ஒரு சத்தம். பியூஸ் போய்விட்டது, மாற்றுப் பியூஸும் இல்லை.

அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "குளிருதுல்ல, தள்ளுனா ஸ்டார்ட் ஆயிடும்" என்றேன். மாமனார் தள்ளினார், மாமியார் தள்ளினார், ஹால் டிக்கெட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு ரேவதியும் தள்ளினாள். நான் மேலே உட்கார்ந்திருந்தேன். கரண்டே ஓடாத வண்டி எப்படிக் கிளம்பும்? நடுவில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றின லோடு வண்டி ஒன்று கீழே இறங்கியது. மாமனார் கை காட்டி நிறுத்தினார். "வேணாம், இதோ ஆயிடும்" என்று நான் அதைப் போகச் சொல்லிவிட்டேன்.

கடைசியில் சுமதி சீட்டைத் தூக்கிப் பார்த்து, கருகின பியூஸைக் கண்டுபிடித்தாள். "இன்னாங்க, இத மொதல்லயே சொன்னா கொறஞ்சா பூடுவீங்க?" என்றாள். அடுத்த லோடு வண்டி வருவதற்குள் அரை மணி போய்விட்டது. கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து நானும் ரேவதியும் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது பத்து. கேட்டில் நின்றவரிடம் கெஞ்சினேன், காலில் விழாத குறை. ரேவதிதான் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வுடுங்க மாமா. அவரு இன்னா பண்ணுவாரு."

என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த வருஷம் முழுக்க ரேவதி கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி சேலை விரித்துப் போட்டாள். அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் நான் அடுத்த தெருவில் சுற்றிப் போவேன்.

அடுத்த தேர்வில் பாஸ் பண்ணி இன்று வேலையில் இருக்கிறாள். வீட்டு விசேஷம் எதுவானாலும் அக்காவும் தங்கையும் இந்தக் கதையை நடித்தே காட்டுவார்கள். கம்பளி வரும்போது ஒரு சிரிப்பு, தள்ளும்போது ஒரு சிரிப்பு, என் முழி வரும்போது பெரிய சிரிப்பு. ஆனால் அந்த முதல் லோடு வண்டி வருகிற இடத்தில் மாமனார் சட்டென்று எழுந்து, "பேசிக்கினே இருக்கீங்களே, மாப்ளைக்கு எலையப் போடுங்கம்மா" என்று கதையை நிறுத்திவிடுவார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்துவார். நானும் தலையைக் குனிந்தபடி போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிடுவேன்.