ஹைட்ரஜனை அழுத்த மூன்று வழிகள், அப்பாவிடம் ஒரே கேள்வி

ஏழாயிரம்பண்ணை,
14.6.2007

பேரன்புள்ள சங்கையா மாமாவுக்கு, சுகிர்தா வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். ஆலங்குளத்தில் அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

பரோடாவில் ஓர் ஆய்வு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்திருக்கிறது. ஹைட்ரஜனைக் குழாயில் ஊர்விட்டு ஊர் அனுப்ப, எப்படி அழுத்தினால் செலவு குறையும் என்று ஒப்பிடும் வேலை. அப்பா சம்மதிக்கவில்லை. மணிகண்டராஜ் அண்ணன் நம் பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறை வெடித்து இறந்ததும் ஆலையை மூடியவர், சாம்பிராணிக்குக்கூட என்னைத் தீக்குச்சி உரச விடுவதில்லை. நேற்று அவரை உட்காரவைத்து விளக்கினேன். பிஸ்டன் கம்ப்ரசர் பழகிய வழி, ஆனால் பழுதுபார்த்தே பணம் கரையும். சுழல் கம்ப்ரசர் பெரிய குழாய்க்குச் சிக்கனம், ஆனால் ஹைட்ரஜன் லேசானது என்பதால் அடுக்கடுக்காகச் சக்கரங்கள் வேண்டும். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும்போதே அழுத்தத்தில் பிரித்தால் கம்ப்ரசர் வேலை குறையும், ஆனால் அந்தக் கலன் விலை கூடுதல் என்றேன்.

"இதுல நீ எங்கன நிப்ப?"

"நான் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருப்பேன்ப்பா."

"அந்தக் கம்ப்யூட்டரு எங்கன நிக்கும்?"

அம்மா குறுக்கே வந்து, "ஏட்டி, இறுக்கி அடைச்சா வெடி, தளர அடைச்சா புஸ்ஸு. இதுக்கா இம்புட்டு வருசம் படிச்ச?" என்றாள். எனக்கு ரோஷம் வந்து, அழுத்தத்தை அடக்கி ஆளலாம் என்று காட்டக் குக்கரை ஏற்றினேன். வால்வு தெறித்தது, பருப்பு கூரையில் ஒட்டியது, அப்பா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடினார். ஆலையில் சத்தம் கேட்டால் எல்லோரும் வெளியே ஓடிவர, அவர் பெயர் சொல்லி ஆள் சரிபார்ப்பார் அல்லவா, அதே பழக்கத்தில் அழைத்தார். "பொன்னுத்தங்கம்." "இருக்கேன்" என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சுகிர்தா." "இருக்கேன்ப்பா." "மணிகண்டராஜ்."

அப்பா பதிலுக்குக் காத்து நின்றார், மாமா. அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கருகிய வாடை வந்தும் யாரும் உள்ளே போகவில்லை.

நீங்கள் சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுங்கள். அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆசி எப்போதும் வேண்டும்.

அன்புடன்,
சுகிர்தா

பி.கு.: வர வேண்டாம், மாமா. உறையை ஒட்டுவதற்குள் அப்பா விருதுநகர் போய்த் திரும்பிவிட்டார். பையில் எனக்குப் பருத்திச் சுடிதார்கள். நைலான் உரசினால் பொறி பறக்கும் என்று ஆலைக்குள் யாரையும் அதை உடுத்த விட்டதில்லை அவர். "பரோடாவுல இதத்தான் போடணும் தாயி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எல்லாமே இரண்டு அளவு பெரியவை. அளவு பார்க்க என்னைக் கூட்டிப் போயிருந்தால், அவர் மனசு மறுபடி மாறியிருக்குமாம்.