ஏழு காபிக்கு ஒரு எதிர் எடை

"நூத்தம்பத்தாறு," என்றார் நர்ஸ்.

லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் சுற்றியிருந்த பட்டை புஸ்ஸென்று காற்றை விட்டது. அவருக்கும் அப்படித்தான் இருந்தது. இருபத்து மூன்று வருடங்களாக லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை பார்க்கிறவர். மாதக் கடைசிக்குள் ரத்த அழுத்தம் நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்கினால்தான் தகுதிச் சான்றிதழ். இல்லாவிட்டால், கம்பெனி அவரைப் புகார் கேட்கும் போனுக்கு முன்னால் உட்காரவைத்துவிடும்.

"பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் பார்க்கலாம்னு சொன்னேன், நீங்கதான் கேக்கல. ஒரு நாளைக்கு எத்தனை காபி?"

"ஏழு. எட்டாவது எப்பவாவதுதான்."

"குறைங்க."

ஆஸ்பத்திரியின் நான்கு மாடியும் படியிலேயே இறங்கினார். கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்ற அட்டை அப்படியே தொங்கியது. எந்தச் சோம்பேறியின் பொறுப்போ என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் பறந்தார். காபியைக் குறைக்கும் திட்டம் அதற்குள் தலையில் தயாராகியிருந்தது.

சமையலறைக் கதவுப் பிடியில் நூலைப் போட்டு, ஒரு முனையில் டம்ளரையும் மறுமுனையில் கரண்டியையும் கட்டினார்.

"லிஃப்டை மோட்டார் மட்டும் தூக்கறதில்ல. மறுபக்கம் எதிர் எடைன்னு ஒண்ணு தொங்கும். அது இறங்க இறங்கத்தான் கூண்டு சுலபமா ஏறும். என் உடம்புக்கு எதிர் எடை காபி. சட்டுனு அறுத்தா தடால்தான். அதனால நாளுக்கு ஒண்ணாக் குறைக்கப் போறேன்."

"என் டம்ளரை அவுத்துக் குடுங்க," என்றாள் மனைவி.

அவ்வளவு அழகாக விளக்கியவர், மறுநாளே உற்சாகம் தாங்காமல் ஏழையும் மொத்தமாக நிறுத்திவிட்டார். மதியம் தலைவலி வந்தது. புதிதாக வந்த புகார்ச் சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்தது. சீட்டில் லிஃப்டின் எண் மட்டும்தான் இருக்கும். முகவரியை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்க வேண்டும். அவருக்கோ போன் மணியே சம்மட்டியாக இறங்கியது. தலைவலி தீர்ந்ததும் வருவார் என்று மனைவிதான் கம்பெனிக்குச் சொன்னாள், காரணத்தையும் சேர்த்து.

அடுத்த வாரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். உட்காரச் சொன்ன நர்ஸிடம், சூட்டோடு சூடாகப் பார்த்துவிடுங்கள் என்று கையை நீட்டினார்.

நூற்று அறுபத்திரண்டு.

வாசனை வழியாகக் காபி உள்ளே போகிறது என்று கண்டுபிடித்தார். மனைவி மொட்டை மாடிக்குப் போய்க் குடிக்க வேண்டியதாயிற்று. காபிப்பொடி டப்பா பக்கத்து வீட்டுக்கு அடைக்கலம் போனது. தலைவலி இரட்டிப்பானது.

"உங்களுக்கு இறங்குதோ இல்லையோ, எனக்கு ஏறுது," என்றாள் மனைவி.

மாதக் கடைசி. மூன்றாம் முறை ஓடியே ஏறினார். நூற்று எழுபத்தொன்று.

மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். காதுக்குள் புகார் போன் விடாமல் அடித்தது. நர்ஸ் உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு, படிவத்தைத் தேடி எடுத்துவரக் கால் மணி நேரம் ஆயிற்று.

"கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம், கையக் குடுங்க."

பட்டை இறுகியது, தளர்ந்தது. நூற்று முப்பத்திரண்டு.

மெக்கானிக் துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களா? மூணு வாரமா ஒரு சொட்டு காபி தொடல. கொஞ்சம் மெதுவா வேலை செஞ்சாலும் செஞ்சிடுச்சு."

"காபியெல்லாம் இல்ல சார்," என்றார் நர்ஸ், படிவத்தில் முத்திரை குத்திக்கொண்டே. "நாலு மாடி ஏறி வந்தா எல்லாருக்கும் இப்படித்தான் எகிறுது. மூணு வாரமா லிஃப்ட் கம்பெனிக்குப் போன் பண்றோம். மெக்கானிக் காபியை விட்டுட்டாராம், தலைவலி தீர்ந்ததும் வருவாராம்."