சமுத்திர நட்சத்திரத்துக்கு விழுந்த மாலை

சேசு மரி சூசை துணை

பாபநாசம்,
24-7-72, திங்கட்கிழமை

என் தங்கை அமலோற்பவத்தை இருபது வருஷமாகப் பொறுத்துக்கொண்டு குடித்தனம் நடத்தும் அருமை மாப்பிள்ளை லூர்துராஜ் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் குழந்தைராஜ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் ஆரோக்கியமும் இங்கே சுகம். நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் எங்களைவிட ஒரு படி கூடுதல் சுகமாக இருக்க வேண்டும் என்று நேற்றுப் பூசையில் கேட்டிருக்கிறேன். சுக விசாரணை இத்துடன் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் நீங்கள் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தாக வேண்டும். உங்கள் கல்யாணத்துக்கே போட்டுக்கொண்டு வந்தீர்களே, துறைமுக ஆபீஸ் வெள்ளை யூனிபாரம், அதையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு வர வேண்டும். நீங்கள் அங்கே ரசீது எழுதுகிற குமாஸ்தாதான் என்பது எனக்குத் தெரியும், தாசில்தாருக்குத் தெரியாது. அவர் முன்னால் விறைப்பாக நின்று, "இது கப்பல், இவர்கள் கப்பல் கட்டுகிறவர்கள்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். எதற்கு என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

நான் பென்ஷன் வாங்கியதிலிருந்து மாதிரிக் கப்பல் கட்டுவது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் மிராசுதார் அரசப்பன் போன வருஷம் இதற்கென்று ஒரு அமைப்பே தொடங்கினார். முதலில் சபா என்று பெயர் வைத்தார், பிறகு சங்கம் என்றார், இப்போது காலத்துக்குத் தகுந்தபடி 'பொன்னிவளநாட்டு மாதிரிக் கப்பல் கட்டுவோர் கழகம்'. அவர் தலைவர், நான் செயலாளர். அவருடைய வயலோரம் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார். சைக்கிள் கடை மீரா உசேன் அங்கே நீராவிக் கப்பல் கட்டுகிறார், ஒரு வருஷத்தில் புகைபோக்கி மட்டும் முடிந்திருக்கிறது. பழைய போஸ்ட்மாஸ்டர் மருதையன் இன்னும் கட்டையைத் தொடவே இல்லை, ஆனால் கட்டை வாங்கி வைத்திருக்கிறார். கழகத்தின் ஒரே விதி ஊக்கம். யாரும் யாருடைய கப்பலையும் குறை சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் எழுந்து, தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே என்று தொடங்கி அடுத்தவரைப் பாராட்டிப் பேச வேண்டும், மருதையன் அதைப் பாராட்டுப் பதிவேட்டில் எழுதுவார். குறை சொன்னவருக்கு அன்றைக்குப் போண்டா கிடையாது. போன மாதம் மருதையனுடைய கட்டையின் பொறுமையைப் பற்றி நானே கால் மணி நேரம் பேசினேன், அவர் கண் கலங்கிவிட்டார்.

இந்த ஊக்கத்தில்தான் என் கப்பல் வளர்ந்தது மாப்பிள்ளை. வேளாங்கண்ணியில் கரை சேர்ந்தார்களே போர்த்துக்கீசியர்கள், அவர்கள் கப்பல் மாதிரி ஒன்று, பெயர் 'சமுத்திர நட்சத்திரம்'. இரண்டரை அடி நீளம், ஒற்றைப் பாய்மரம், அவ்வளவுதான் முதலில் போட்ட திட்டம். "மாஸ்டர், மரம் இன்னும் கொஞ்சம் ஒசரமா இருந்தா எப்படி இருக்கும்!" என்றார் அரசப்பன். ஏற்றினேன். "ஒண்ணு நிக்கிற அழகுக்கு மூணு நின்னா?" என்றார் மீரா உசேன். நட்டேன். பாய்க்குத் துணி போதாமல் ஆரோக்கியத்தின் உள்பாவாடை இரண்டு போயிற்று, மூன்றாவது பாவாடைக்குக் கை நீட்டும்போது அவள் அரிவாள்மணையிலிருந்து எழுந்து வந்தாள், அதோடு மூன்றாவது மரம் பாதிப் பாயோடு நிற்கிறது, அதையும் கழகத்தில் பிரமாதம் என்றார்கள். இப்போது கப்பல் இரண்டரை அடி நீளம், நாலரை அடி உயரம். வாசல் நிலைப்படியில் இடித்து, படுக்கவைத்துத்தான் வெளியே எடுக்கிறோம்.

இத்தனை பேர் புகழும்போது ஒருத்தனுக்கு மட்டும் நாக்கில் சனி. தங்கையன் என்று பெயர். கொட்டகையை ஒட்டிய ஒரு வேலி நிலத்தை, அதாவது ஆறே முக்கால் ஏக்கரை, பதினெட்டு வருஷமாகக் குத்தகைக்கு உழுகிறவன். பொழுதுபோக்காக அவனும் ஒரு முழத்தில் பூவரச மரத்தில் தோணி ஒன்று செதுக்கினான். சாயம் இல்லை, பாய் இல்லை. வாய்க்காலில் விட்டால் போய்க்கொண்டே இருக்கும், அது ஒன்றுதான் அதற்குத் தெரியும். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வந்திருந்தார்' என்று மட்டும் எழுதினோம். அவன் என்னடாவென்றால் வாராவாரம் என் கப்பலைச் சுற்றி வந்து, "அடிப்பாரம் பத்தல சார். தண்ணில விட்டா கவுந்துரும்" என்பான். ஒரு ஞாயிறாவது அவனுக்குப் போண்டா கிடைத்ததில்லை.

இப்போது வந்த வினை என்னவென்றால், நில உச்சவரம்பு பதினைந்து ஏக்கர் என்று சர்க்கார் சொல்லிவிட்டதா, அரசப்பனிடம் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறதா, மிச்சத்தை மச்சினன் பேரிலும் சம்பந்தி பேரிலும் எழுதியது போக, தங்கையன் உழுகிற அந்த ஒரு வேலியை நம் கழகத்தின் பேரில் எழுதியிருக்கிறார்! போன வாரம் தாசில்தார் நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். பாராட்டுப் பத்திரம் என்று நீட்டிய காகிதங்களில் எல்லாம் செயலாளர் என்று நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிலம் கழகத்தினுடையது, கப்பல் விடக் குளம் வெட்டப் போகிறோம், தங்கையன் குத்தகைக்காரன் இல்லை, கழகத்துக்கு வாட்ச்மேன் என்று வெள்ளிக்கிழமை விசாரணையில் நான் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டால் அங்கே மண்டபம் கட்டி என் கப்பலை என் பெயரோடு வைப்பதாக அரசப்பன் தோளில் கை போட்டுச் சொன்னார். மிராசுதார் கை என் தோளில் விழுந்தது இதுதான் முதல் தடவை.

நேற்று தங்கையன் வீட்டுக்கே வந்துவிட்டான். "சார், நான் வாச்மேன்னு மட்டும் சொல்லிராதீங்க. குறுவை நட்டு நிக்கிது. வாச்மேன்னு எழுதிட்டா நாளைக்கே வரப்புல கால் வைக்க முடியாது" என்றான். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போகிற போக்கில் வாசலில் நின்ற கப்பலைப் பார்த்து, "அடிப்பாரம் சார்..." என்று மறுபடி ஆரம்பித்தான். உதவி கேட்டு வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது? நீங்களே சொல்லுங்கள். ஆகவே மாப்பிள்ளை, தொப்பியை மறக்காமல் வந்து சேருங்கள். கழகத்தின் மானம் உங்கள் யூனிபாரத்தில் இருக்கிறது.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். ஆரோக்கியம் உங்களை விசாரித்தாள், கூடவே உள்பாவாடைத் துணி நாகப்பட்டினத்தில் மலிவா என்றும் கேட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனர்,
சூ. குழந்தைராஜ்

பின்குறிப்பு (சனிக்கிழமை): இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேராததற்குக் காரணம் மருதையன். தபாலில் போடக் கொடுத்தேன், பிரித்துப் படித்துவிட்டு, நடை அருமை, என் கட்டையைப் பற்றி எழுதியதுகூட உயர்வாக இருக்கிறது என்று நாலு நாள் தன்னிடமே வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். நீங்கள் வராதது நல்லதாய்ப் போயிற்று.

நேற்று தாசில்தார் வந்தார். "கப்பல் கழகம்னா, ஒரு கப்பலை விட்டுக் காட்டுங்களேன்" என்றார். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. சமுத்திர நட்சத்திரத்தைத் தண்ணீரில் நிறுத்திப் பிடித்துக்கொண்டோம். அரசப்பன் ஒரு ஆளுயர ரோஜா மாலையைக் கொண்டுவந்து நடு மரத்தில் சாத்தினார். கையை எடுத்தோம். மாப்பிள்ளை, ஒரு நொடி நின்றது, அது மட்டும் சத்தியம். பிறகு மாலையோடு சாய்ந்து, ஆரோக்கியத்தின் பாவாடைகள் இரண்டும் விரிந்து, தலைகீழாகப் போய்விட்டது. பதினாலு மாத உழைப்பு. அப்போது பின்னாலிருந்து சடசடவென்று சத்தம். திரும்பிப் பார்க்கிறேன், கைதட்டுகிறார்கள்! "கவுறதுலயும் ஒரு கம்பீரம் பாருங்க!" என்கிறார் அரசப்பன். "இவ்வளவு அழகா ஒரு கப்பல் கவுந்து நான் பார்த்ததே இல்ல மாஸ்டர்" என்கிறார் மீரா உசேன். மருதையன் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

தங்கையன் ஒருத்தர்தான் கைதட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கப்பலைப் பிடித்து, மாலையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தாசில்தார் என்னைப் பார்த்து, "செயலாளர் நீங்கதானே? இந்த நிலத்துல சாகுபடி யாரு?" என்றார். "அவருதாங்க! பதினெட்டு வருஷமா அவருதான்! வாச்மேனும் இல்ல, மண்ணும் இல்ல. இந்தக் கழகம் பொய், குளம் பொய், என் கப்பலைப் பத்தி அந்த நோட்டுல எழுதியிருக்கிறது அத்தனையும் பொய்!" என்று கத்திவிட்டேன். அப்படியே எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்தத் தடவை படித்துப் பார்த்துத்தான் போட்டேன். தங்கையன் பெயரில் குத்தகை பதிவாகிவிடும் என்று கர்ணம் சொல்கிறார். அரசப்பன் கொட்டகையைப் பூட்டிவிட்டார்.

மாஸ்டர் நியாயத்துக்காக மிராசுதாரை எதிர்த்து நின்றார் என்று ஊரில் பேசுகிறார்கள். உங்களிடம் மறைப்பானேன், நியாயம் திங்கட்கிழமையே தெரிந்துதான் இருந்தது, அன்றைக்கு வாய் திறக்கவில்லை. கைதட்டினார்களே, அந்த ஆத்திரத்தில் சொன்னதுதான். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மேலே கேட்டதையெல்லாம் அடித்துவிடுங்கள். யூனிபாரம் வேண்டாம், தொப்பி வேண்டாம். வரும்போது மீனவர்கள் வலையில் கட்டுவார்களே ஈயக்குண்டு, அதில் ஒரு படி வாங்கி வாருங்கள், அடியில் பதிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு தங்கையனுடைய களத்தில் கப்பலைச் செப்பனிடுகிறோம், மீரா உசேனும் மருதையனும் தலையைக் குனிந்துகொண்டு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தன் நிலத்தையே காப்பாற்றிக் கொடுத்தவராயிற்றே என்று இப்போதாவது தங்கையன் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்து, ஈயம் வைத்துவிட்டால் கப்பல் பிரமாதமாக இருக்கும் அல்லவா என்று கேட்டேன். கப்பலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ரெண்டு மரத்த வெட்டிரணும் சார்" என்றார்.